பிரஷர் வொஷரைக் கழற்றும் முன்: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கோளாறு பார்க்கும் வழி

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். மே மாதத்திலிருந்து நனைந்து நனைந்து பச்சை பிடித்துப்போன படிக்கட்டையும் வாசலையும், யாராவது வழுக்கி விழுவதற்குள் தேய்த்தாக வேண்டும். ஒரு காலத்தில் தும்புத்தடியும் பிளீச்சிங் பவுடரும் போதுமாக இருந்தது, இப்போது தண்ணீரை அழுத்திப் பீய்ச்சுகிற பிரஷர் வொஷர். போன வருஷம் மூலையில் வைத்ததை எடுத்துச் செருகினால், ஒன்று உறுமும், இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது. ஹட்டன் பக்கத்தில் வீட்டுச் சாமான் பழுது பார்க்கிற எனக்கு செப்டம்பர், ஒக்டோபரில் இந்த மெஷின்கள் வரிசையாக வரும். "பம்பு போச்சு" என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். திறந்து பார்க்கத் தேவையே இல்லாமல் திருப்பி அனுப்பியவை நிறைய. கோளாறு வீட்டில் இருந்திருக்கும், குழாயிலோ வயரிலோ.

அதனால் கோளாறு எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே எழுதுகிறேன். உங்கள் மெஷின் செய்கிறதைத் தேடிப் படியுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். வீட்டு மெஷின் என்றாலும் உள்ளே 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் அழுத்தம் இருக்கும். கசிவு எங்கே என்று விரலை வைத்துத் தேடாதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் தோலுக்குள் புகுந்துவிடும், வெளியே ஊசி குத்தின அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே சதை நாசமாகியிருக்கும். அப்படி நடந்தால் மருந்து போட்டுப் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதைக் கழற்றுவதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீரை மூடுங்கள், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியே விடுங்கள்.

சுவிட்ச் போட்டால் சத்தமே இல்லை

சதுரப் பிளக்கைத் திறந்து உள்ளே உள்ள 13 அம்பியர் பியூஸைப் பாருங்கள். முதலில் அதை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம். அப்புறம், மெஷின் ஏற்கெனவே ஓடிச் சூடாகி நின்றிருந்தால் உள்ளிருக்கும் வெப்பக் காப்பு துண்டித்திருக்கும், அரை மணி நேரம் ஆற விட்டால் தானாகவே திரும்ப வரும். உருண்டைக் கம்பி அடாப்டர் போட்டு மல்டி பிளக்கில் செருகியிருக்கிறீர்களா? அதன் உள்தகடு கருகியிருக்கும், மோந்து பார்த்தாலே தெரியும். இவை எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் சுவிட்ச், பம்பின் தலையோடு இருக்கும் மைக்ரோ சுவிட்ச், மோட்டரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், இந்த மூன்றில் ஒன்று. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது

மலையில் அதிகம் வருவது இந்தக் கோளாறு. முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை மோட்டர் என்று தெரிய வேண்டும். கிரைண்டர் மாதிரிக் கத்துகிற, ஒரு கையால் தூக்கக்கூடிய மெஷின் என்றால் கார்பன் பிரஷ் உள்ள மோட்டர். மின்விசிறி மாதிரி அடங்கின சத்தம், தூக்கினால் இடுப்பு வலிக்கும் என்றால் இன்டக்‌ஷன் மோட்டர். வோல்ட்டேஜ் குறைந்தால் முதல் வகை சோர்ந்துபோய் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். இரண்டாவது வகைக்கு அது பொறுக்காது. அதன் முறுக்கு விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறையும், அதாவது 230 வோல்ட் 190 ஆனால் விசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பம்பைத் தள்ள முடியாமல் நின்ற இடத்தில் உறுமும், உறுமுகிற நேரம் முழுக்க அளவுக்கு மீறிய கரண்ட்டை இழுத்துச் சுருளைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் ட்ரான்ஸ்போர்மர் ஓரிடம், கடைசி லயம் இன்னோரிடம். மாலை ஆறரைக்கு மேல் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் கேத்தலும் ஏறியதும் வயரின் கடைசியில் இருப்பவருக்கு மிச்சம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் 195 வோல்ட்டை நானே அளந்திருக்கிறேன். "காலையில் ஓடுது, பின்னேரம் ஓட மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் மெஷினைக் கொண்டுவர வேண்டாம், காலையிலேயே கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அதற்கு மேல் நாமே சேர்க்கிற வினை எக்ஸ்டென்ஷன் வயர். வாசல் கீழே, பிளக் மேலே, நடுவில் 30 மீட்டர் மெல்லிய வயர். 1800 வாட்ஸ் மெஷின் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் 12 வோல்ட் வரை தொலைந்துவிடும். அதே தூரத்துக்கு 2.5 போட்டால் நட்டம் 4 வோல்ட்டுக்குள். வயர் சுருட்டிய டிரம் என்றால் முழுவதையும் அவிழ்த்துப் போட வேண்டும், சுருண்ட நிலையில் 8 அம்பியர் ஓடினால் உள்சுற்று இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, கரண்ட்டுக்கான வயரை நீட்டுவதை விட உயரழுத்த ஹோஸை நீளமாக வாங்குவது நல்லது, அதில் போகிற நட்டம் குறைவு, ஈரத்தில் கரண்ட் வயர் கிடக்கிற ஆபத்தும் இல்லை.

வோல்ட்டேஜ் நன்றாக இருந்தும் உறுமினால், விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் போடுங்கள். போன தடவை அடைத்து வைத்த அழுத்தம் பம்பை இறுக்கிப் பிடித்திருக்கலாம், விடுவித்ததும் பட்டென்று கிளம்பும். அப்போதும் இல்லையென்றால் இன்டக்‌ஷன் மோட்டரில் அதைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் போயிருக்கும். மலிவான சாமான்தான், அதன் மேல் எழுதியிருக்கும் அதே அளவு வாங்கினால் போதும். ஆனால் பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைக்க முன் அதை இறக்கத் தெரிந்தவர் மட்டும் தொடுங்கள்.

ஓடுகிறது, தண்ணீருக்கு வேகமே இல்லை

பம்பைச் சந்தேகப்படும் முன் ஒரு வாளியை எடுங்கள். மெஷினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி 10 லீட்டர் வாளிக்குள் விட்டு நேரம் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பினால் நல்லது. இரண்டு நிமிஷம் பிடித்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம், கோளாறு அங்கேதான். வீட்டு மெஷின் நிமிஷத்துக்கு 5 முதல் 8 லீட்டர் வரை கேட்கும். அதை நாம் கொடுக்காவிட்டால் அது உள்ளே வெறுமையை உண்டாக்கி, குமிழி குமிழியாக இழுத்து, சரளைக்கல் அரைக்கிற சத்தத்தோடு ஓடும். அந்தச் சத்தம் பம்பு தன்னைத்தானே தின்கிற சத்தம்.

உயரக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். கூரையில் இருக்கும் 1000 லீட்டர் டாங்கி மெஷினுக்கு மேல் 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான், அதுவும் நீண்டு மெலிந்த ஹோஸில் கரைந்துவிடும். மலையில் மேலே ஊற்றிலிருந்து நேராகக் குழாய் இழுத்தவர்களுக்கு இந்தக் குறை இல்லை, அவர்களுக்குத் தலைகீழான பிரச்சினை. அடிவாரத்து வீடுகளில் 60, 70 மீட்டர் உயரத்துத் தண்ணீர் 6, 7 பாரில் வந்து முட்டும். மெஷின் லேபிளில் உள்வரும் தண்ணீருக்கு அதிகபட்ச அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும், அதைத் தாண்டினால் டாங்கியில் விட்டு எடுங்கள்.

நேற்று வரை நன்றாக வந்த ஊற்றுக் குழாய் இன்றைக்கு நூலாக வருகிறதா? மேட்டுப் பள்ளத்தில் ஏறி இறங்குகிற குழாயில் காற்று அடைத்திருக்கும், பீலித் தண்ணீர் பிடித்து வளர்ந்த யாருக்கும் இது புதிதில்லை. கீழ்முனையைத் திறந்து ஓட விட்டு, இடையில் உள்ள இணைப்பைக் கழற்றி விட்டால் துப்பிக்கொண்டு காற்று போய்விடும்.

வாளி சரியாக நிரம்பினால் அடுத்தது மெஷினின் வாயில் இருக்கும் சல்லடை. விரல் நகத்தால் இழுத்தால் வெளியே வரும் சின்ன வலை அது. கடுமையாக மழை பெய்த மறுநாள் ஊற்றுத் தண்ணீரில் வரும் மண்ணும் இலைச் சருகும் அதில்தான் வந்து சேரும். பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அடிக்கடி அடைக்கிறதே என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டிய ஒருவர் மெஷினை என்னிடம் கொண்டுவந்தார், வால்வுகளில் மண் போய் உட்கார்ந்து மூன்று பிஸ்டனின் சீலும் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையம்) கீறிப் போயிருந்தது. மண் அதிகம் என்றால் டாங்கிக்குள் விழுகிற குழாயின் முனையில் மெல்லிய துணியைக் கட்டுங்கள். மெஷினின் வாயில் கட்டாதீர்கள், அங்கே கட்டினால் மூச்சு முட்டும்.

பீப்பாவிலிருந்து உறிஞ்சி எடுக்கிறவர்கள் பீப்பாவை மெஷினுக்கு மேலே, ஒரு படியிலாவது வையுங்கள். உறிஞ்சுவது என்பது உண்மையில் வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளுவதுதான். கடல்மட்டத்தில் அந்தக் காற்று 10 மீட்டர் வரை தண்ணீரைத் தள்ளும், 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் எட்டுச் சொச்சம்தான். வீட்டு மெஷின் எப்படியும் அரை மீட்டருக்கு மேல் தூக்கத் திணறும், அதிலும் இங்கே கொஞ்சம் குறைத்தே எதிர்பார்க்க வேண்டும். கொழும்பில் உறிஞ்சிய மெஷின் இங்கே உறிஞ்சவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கும் முன் பீப்பாவைத் தூக்கி வைத்துப் பாருங்கள்.

கடைசியாக நொசில், அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற முனை. துப்பாக்கியில் மாட்டுகிற நீளக் குழாயைக் கழற்றிவிட்டு நொசில் ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் அளவு ஓட்டைதான். மணல் துகள் இருந்தால் ஊசியால் வெளிப்பக்கமிருந்து உள்ளே தள்ளி, பின்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று வருஷம் மண் தண்ணீரில் ஓடின நொசில் தேய்ந்து பெருத்திருக்கும், அப்போது தண்ணீர் தாராளமாக வரும், வேகம் இருக்காது. வேறு நொசில் போட்டாலே பழைய பலம் வந்துவிடும். முனையைத் திருப்புகிற வகை என்றால் அது சோப்பு நிலையில் நிற்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், அதற்காகவே பஸ் ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

விட்டு விட்டுத் துடிக்கிறது

நீளக் குழாயைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் வைத்து ஓட்டுங்கள். துடிப்பு நின்றால் நொசில் அடைப்பு. நிற்காவிட்டால் காற்று அல்லது வால்வு. காற்று என்றால், மெஷினை நிறுத்திவிட்டு விசையை அழுத்திப் பிடித்துத் தண்ணீரை ஓட விடுங்கள், துப்பல் நின்று ஒரே சீராக வந்த பிறகு சுவிட்ச் போடுங்கள். திரும்பவும் வந்தால் இணைப்புகளைப் பாருங்கள். சொட்டவில்லை என்பதற்காக ஓர் இணைப்பு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வரும் தண்ணீர் பலவீனமாக இருக்கும்போது அதே இடம் தண்ணீரை விடாமல் காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கும் ரப்பர் வொஷரை மாற்றுங்கள்.

இதயத் துடிப்பு மாதிரி ஒரே தாளத்தில் அடித்து, வேகமும் குறைந்திருந்தால் வால்வு. சின்ன பம்பில் சாய்ந்த தட்டு ஒன்று சுற்றி மூன்று பிஸ்டனைத் தள்ளும், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு, மொத்தம் ஆறு. ஒன்றில் துகள் சிக்கினால் அந்தப் பிஸ்டன் சும்மா போய் வரும். தலையின் போல்ட்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொண்டு, வால்வுகளைக் கழுவிப் போடலாம். திரும்ப இறுக்கும்போது குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் தலை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள்.

விசையை விட்ட பிறகும் தானாக ஓடி ஓடி நிற்கிறது

பேய் பிடித்தது மாதிரி இருக்கும், காரணம் எளியது. விசையை விட்டால் குழாயில் அழுத்தம் ஏறி மைக்ரோ சுவிட்சைத் தள்ளி மோட்டரை நிறுத்தும். அந்த அழுத்தம் எங்கேயாவது கசிந்து இறங்கினால் மோட்டர் திரும்பக் கிளம்பி ஏற்றிவிடும். துப்பாக்கி முனையில் சொட்டுகிறதா, ஹோஸ் இரு பக்கமும் மாட்டுகிற இடத்தில் ஓ-ரிங் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஓ-ரிங்கைக் கையில் கொண்டுபோனால் வாகன உதிரிப்பாகக் கடையில் அதே அளவு எடுக்கலாம், போடும்போது கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வெளியே எங்கேயும் ஈரமே இல்லையென்றால் பம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகிற வால்வு அழுத்தத்தைப் பின்னால் விடுகிறது. இதையும் துடிப்பையும் ஒரே தடவையில் கழுவிச் சரி செய்யலாம்.

விசையை விட்டும் மோட்டர் நிற்கவே இல்லை என்றால் அது வேறு. மைக்ரோ சுவிட்சைத் தள்ளும் சின்ன ஊசி துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். அப்படியே ஓட விடாதீர்கள், உள்ளேயே சுற்றுகிற தண்ணீர் சூடேறி சீலை அவித்துவிடும்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

மழைக்காலம் முழுக்கக் கழுவும் அறையில் கிடந்த மெஷின் முதல் நாள் ட்ரிப் சுவிட்சை (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச்) விழ வைத்தால் பெரும்பாலும் ஈரம். எங்கள் மூடுபனிக்குத் துணியே மூன்று நாள் காய்வதில்லை, மோட்டர் சுருள் மட்டும் காயுமா? மேல் மூடியைக் கழற்றி இரண்டு நாள் நல்ல வெயிலில் வையுங்கள், வெயில் இல்லாவிட்டால் அடுப்பங்கரையில், நெருப்பிலிருந்து தள்ளி. காய்ந்த பிறகும் விழுந்தால் பம்பின் சீல் கசிந்து மோட்டருக்குள் தண்ணீர் போகிறது. பிளக் இணைப்பு புல்லில் கிடந்து நனைவதும் ஒரு காரணம், அதை ஒரு கல்லின் மேலாவது தூக்கி வையுங்கள். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேராக வயர் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தண்ணீரில் நின்றுகொண்டு பிடிக்கிற சாமான் இது. கொடுக்க மாட்டேன்.

அடியில் சொட்டுகிறது

சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்று ஒரு வெள்ளைக் காகிதத்தை அடியில் வைத்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் பிஸ்டன்களின் தண்ணீர் சீல் தேய்ந்துவிட்டது. பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் எண்ணெய்ப் பக்கம் போய்க் கலந்துவிட்டது, இனி அதை ஓட்டினால் பேரிங் போகும். சீல் செட் கிடைக்கிற மெஷின் என்றால் மாற்றலாம், அரை நாள் வேலை. செட் கிடைக்காத பெயர் தெரியாத மெஷின் என்றால் எனக்கும் வழி இல்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதுக்கு சீல் செட் இருக்கா" என்று கேளுங்கள், அவர் முகத்திலேயே பதில் இருக்கும்.

இந்த சீல்களை மூன்று காரியம் கொல்லும்: தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது, மண் தண்ணீர், சூடு. குளிருக்கு இதமாக இருக்கும் என்று ஹீட்டர் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு 40 பாகைதான் எல்லை.

கருகின வாடை, காற்றுத் துவாரத்தில் பொறி

பிரஷ் மோட்டர் என்றால் கார்பன் தேய்ந்திருக்கும். ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சின்னப் பொறி சகஜம், வட்டமாக நெருப்பு ஓடினால் நிறுத்துங்கள். இந்த வகையைப் பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டி, அதே அளவு ஆற விடுகிறவர்களுக்கு வருஷக்கணக்கில் உழைக்கிறது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாடகைக்கு விட்டு நாள் முழுக்க வேன் கழுவினால் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

இங்கே லேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பாதி ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. பாரையும் நிமிஷத்துக்கான லீட்டரையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் தண்ணீரில் போகும் பலம் கிலோவாட்டில் வரும். 100 பார், 6 லீட்டர் என்றால் 1 கிலோவாட். மோட்டரிலும் பம்பிலும் நட்டம் போக, அதற்கு 1400 வாட்ஸாவது இழுக்க வேண்டும். "1400 வாட்ஸ், 200 பார், 8 லீட்டர்" என்று பெட்டியில் போட்டிருந்தால் கணக்குப்படி 2.67 கிலோவாட், இழுப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த 200 பார், விசையை விட்ட கணத்தில் எகிறும் உச்சமாக இருந்தாலும் இருக்கலாம், வாசலில் கிடைக்காது. அது "பழுதாகி" வேகம் குறையவில்லை, முதல் நாளே அவ்வளவுதான்.

சோப்பு இழுக்கவில்லை

சோப்பு குறைந்த அழுத்த நொசிலில் மட்டும்தான் இழுக்கும். அதிலும் இழுக்காவிட்டால் காய்ந்த சோப்பு குழாயில் உறைந்திருக்கும், வெந்நீரில் அந்தக் குழாயை மட்டும் ஊற வையுங்கள்.

போன வருஷம் நன்றாக இருந்தது, எடுத்தால் வேலை செய்யவில்லை

வைத்த விதத்தில்தான் கோளாறு. தண்ணீரை மூடி, ஹோஸைக் கழற்றி, விசையை அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு விநாடி மட்டும் ஓட்டி உள்ளே மிச்சமிருப்பதைத் துப்ப விடுங்கள், அதற்கு மேல் ஓட்டாதீர்கள். நுவரெலியா, அம்பேவெல பக்கம் இருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் மெஷினை வெளியே வைக்கவே வேண்டாம். புல் வெள்ளையாகிற காலையில் துப்பாக்கிக்குள் நின்ற தண்ணீரும் உறையலாம், உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், பிளாஸ்டிக் உடல் அதற்கு இடம் கொடுக்காது. பிறகு தண்ணீர் வாய்க்கும் நீளக் குழாயின் முனைக்கும் ஒரு துண்டுத் துணியை அடைத்து வையுங்கள். போன மாதம் ஒரு மெஷினில் தண்ணீர் ஏறவே இல்லை, சல்லடை, வால்வு எல்லாம் கழற்றிப் பார்த்து ஒரு மணி நேரம் போனது. கடைசியில் நீளக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இரண்டு அங்குலத்துக்கு குளவி கட்டிய மண்கூடு.